தண்டபாணி தேசிகர், எம்.எம்.

தண்டபாணி தேசிகர், எம்.எம். (27.8.1908 – 26.6.1972): ஓதுவார் மரபில் வந்து திரையிலும் கச்சேரி மேடையிலும் வானொலியிலும் பாடிய தமிழிசைக் கலைஞர். பழைய தஞ்சை மாவட்டத்துத் திருச்செங்காட்டங்குடியில் பிறந்தார். சிறுத்தொண்டர் வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்ததாக மரபு சொல்லும் ஊர் இது. தந்தை முத்தையா தேசிகரிடம் தேவாரமும், பின்னர் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கருநாடக இசையும் பயின்றார்.

பட்டினத்தார் படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அதே கதை அடுத்தடுத்து இருமுறை படமானதால், ஆண்டைச் சிலர் 1935 என்றும் சிலர் 1936 என்றும் குறிப்பர். தாயுமானவர் (1938), மாணிக்கவாசகர் (1939) ஆகியவை தொடர்ந்தன.

ஜெமினி நிறுவனம் 1942இல் வெளியிட்ட நந்தனார் அவர் புகழின் உச்சம். முருகதாசா இயக்கினார்; வேதியராகச் செருகளத்தூர் சாமா நடித்தார்; பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாடல்கள் எழுதினர். தேசிகர் ஏற்ற நந்தனார் வேடத்தை 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஏற்றிருந்தார், அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அன்று நாடெங்கும் பேச்சாயிற்று. அந்த நினைவு மாறாத காலத்திலும் தேசிகரின் நந்தனார் நிலைத்தது. கதையும் காவிரி டெல்டா மண்ணுடையதே. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாள் நந்தனிடம் நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். வேலி ஒன்றுக்கு இருபது மா. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரே இரவில் கதிர் முற்றி நிற்கிறது. பெரியபுராணத்தில் இந்த வேதியர் இல்லை. நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த பாத்திரம் அவர். நடவும் அறுப்பும் அறிந்த டெல்டாக்காரர்களுக்கு அந்த நிபந்தனையின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல் சிதையாமல் பாடும் ஓதுவார் பயிற்சி, நந்தனின் கெஞ்சலை விருத்தங்களில் அப்படியே கொண்டுவந்தது.

1941இல் அண்ணாமலைநகர் மாநாட்டோடு வலுப்பெற்ற தமிழிசை இயக்கம், மேடையிலும் வானொலியிலும் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்டது. தேசிகர் அதன் முன்னணிக் குரல்களில் ஒருவர். 1946இல் திருவையாறு தியாகராசர் ஆராதனையில் அவர் தமிழ்ப்பாட்டுப் பாடியதும், அடுத்துப் பாட வந்தவர்கள் மேடை தீட்டாகிவிட்டதாகக் கருதினர் என்று குடிஅரசு இதழ் கண்டித்தது. அங்கே சொல்லப்பட்ட சொற்கள் எவை என்பதில் கூற்றுகள் ஒத்துப்போவதில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். பண் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். 1957இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம் பெற்றார்.

பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாடலுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் இவரே என்பது இசையுலகில் பரவலான கருத்து. இப்பாடல் இடம்பெற்ற ஓர் இரவு (1951) படத்தின் இசையமைப்பாளர் ஆர். சுதர்சனம் என்பதால் மெட்டை அவருக்கு உரியதாகச் சொல்வோரும் உண்டு. இன்றும் கச்சேரிகளின் பிற்பகுதியில் இப்பாடல் இடம்பெறுகிறது. அறிவிப்பில் பாரதிதாசன் பெயரோடு தேசிகர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.