காலிமுகத்திடலுக்கு வந்த தோட்டம்: 1952, 2018, 2022

2022 ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் எழுந்த ‘கோட்டா கோ கம’ முகாமைப் பற்றி எழுதுகிறவர்கள் மார்ச் 31ஆம் திகதி மிரிஹானையில் நடந்த ஆர்ப்பாட்டத்திலிருந்து, அல்லது எரிவாயு வரிசையிலிருந்தும் மின்வெட்டிலிருந்தும் கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இத்தொடக்கத்தை நான் ஏற்கவில்லை. ஏற்றத்தாழ்வுக்கு எதிராகத் தலைநகரில், அரசின் வாசலில் போய் உட்காரும் வழக்கத்துக்கு மலையகத் தமிழரிடம் நெடிய முன்வரலாறு உண்டு. 1952இலும் 2018இலும் அது கொழும்பில் வெளிப்பட்டது. அந்த வரலாறு முகாமின் கதையில் சேராமல் போனதற்குப் பத்திரிகைகளின் மறதி மட்டும் காரணமில்லை. நம் தொழிலாளர் வரலாற்றெழுத்தில் வேரூன்றிவிட்ட ஒரு வாசிப்பும் காரணம்.

அந்த வாசிப்பு வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தனவுடையது. 1972இல் வெளிவந்த அவருடைய இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு, 1893ஆம் ஆண்டு கொழும்பு அச்சகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முதல் மைல்கல்லாகக் கொள்கிறது. அங்கிருந்து நகரத் தொழிலாளரின் எழுச்சியைத் தொடர்ந்து செல்கிறது. எண்ணிக்கையில் மிகப் பெரிய பாட்டாளிக் கூட்டமான தோட்டத் தொழிலாளர் 1930கள் வரை இவ்வியக்கத்துக்கு வெளியே நின்றது ஏன் என்ற கேள்விக்கு அவர் தரும் விடை தெளிவானது: தோட்டம் ஒரு தனித் தீவு. லயத்தில் குடியிருப்பு, கங்காணியின் பிடி, துரையின் அதிகாரம், சுற்றியிருந்த சிங்களக் கிராமத்தோடும் நகரத்தோடும் தொடர்பின்மை ஆகியன சேர்ந்து தொழிலாளியை மலைக்குள் அடைத்து வைத்தன என்பது அவர் கருத்து.

இதில் பாதி மறுக்க முடியாத உண்மை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கடன் தீர்ந்ததென்ற சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக்கூட ஒருவரால் போக முடியவில்லை. தோட்டத்துக்குள் வெளியார் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டே உள்ளே நுழைந்தார் என்பது மலையகத்தில் யாரும் அறிந்த செய்தி. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் நின்று நாலா பக்கமும் பார்க்கும் ஒருவருக்கு ‘தனித் தீவு’ என்ற எண்ணம் இயல்பாகவே வரும். மூன்று பக்கமும் மலை. நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு இறங்கும் ஒரே பெரிய சாலை.

ஆனால் தோட்டத்தைத் தனிமைப்படுத்திய மதிலைக் கட்டியவர் யார் என்ற கேள்வி அங்கே முடிந்துவிடுவதில்லை. ஜயவர்த்தனவின் நூலே தரும் சான்றுகளை அவருடைய முடிவுக்கு எதிராக வாசிக்க இடமிருக்கிறது. கொழும்புத் தொழிலாளரின் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் துணைத் தலைவராக இருந்தவர். மலைக்கும் நகரத்துக்கும் இடையே 1920களில் ஒரு பாலம் போடப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதை உடைத்தது லயமோ கங்காணியோ அல்ல. 1920களின் இறுதியில் இருவரும் பிரிந்தனர். பொருளாதார மந்தம் வந்ததும் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு, குறிப்பாகக் கொழும்பிலிருந்த மலையாளிகளுக்கு, எதிராகத் திரும்பினார். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். கதவு நகரத்தின் பக்கத்திலிருந்து சாத்தப்பட்ட பிறகே மலையகத் தொழிற்சங்கம் தனி வழி போயிற்று. ஜயவர்த்தன இந்நிகழ்வுகளை ஒளிவில்லாமல் பதிவு செய்கிறார். ஆனால் அவற்றைக் குணசிங்கவின் வீழ்ச்சிக் கதையில் வைக்கிறார். தோட்டத்தின் தனிமையை விளக்கும்போது அவற்றுக்கு உரிய எடையைத் தருவதில்லை. என் மறுப்பு இந்த ஒன்றைப் பற்றியதே.

அவருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். அந்நூல் சுதந்திரத்துக்கு முந்திய காலத்தைப் பற்றியது. 2015இல் ரேச்சல் குரியனோடு சேர்ந்து எழுதிய நூலில் தோட்டங்களின் எதிர்ப்புக்கு அவரே விரிவான இடம் தந்துவிட்டார். சிக்கல், 1972ஆம் ஆண்டின் சட்டகத்தைப் பின்வந்தவர்கள் சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்துக்கும் அப்படியே நீட்டிக்கொண்டதில் இருக்கிறது.

அப்படி நீட்டியதால் மறைந்துபோன முதல் நிகழ்வு 1952 சத்தியாக்கிரகம். பின்னணி தெரிந்ததுதான். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அக்கட்சிக்கு வாக்களித்தவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952 ஏப்ரல் 28ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. டட்லி சேனநாயக்க பிரதமராகி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. தேர்தல் வந்து போனது. தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகாத நாடாளுமன்றம் கூடியது. அதன் பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். 140 நாட்கள் நீடித்ததென்பது வழக்கிலுள்ள கணக்கு. ஏப்ரல் 28ஐ முதல் நாளாகக் கொண்டால் அது செப்டெம்பர் நடுப்பகுதியில் முடிந்திருக்க வேண்டும். முடிந்த திகதியை இதற்குமேல் இறுக்கிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் நாலரை மாதம் அரசின் வாசலில் உட்கார்ந்திருப்பதை ‘மனுக் கொடுக்கும் அரசியல்’ என்று ஒதுக்கிவிட முடியாது. 1956 ஜூன் 5ஆம் திகதி தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் உட்கார்ந்து தாக்கப்பட்டதை நம் வரலாறு மறக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த மலையகத்தாரின் அமர்வுதான் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது நிகழ்வு ஒரே நாளில் முடிந்தது. 2018 ஒக்டோபர் 24, புதன்கிழமை. கறுப்பு உடை அணிந்த ஆயிரக்கணக்கான மலையக இளைஞர், யுவதியர் காலிமுகத்திடலில் கூடி, தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்றார்கள். அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. எந்தத் தொழிற்சங்கத்தின் கொடியும் அதற்குத் தலைமை தாங்கவில்லை. இரண்டே நாளில், 26ஆம் திகதி மாலை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமிக்க, நாடு முழுவதும் அந்த நெருக்கடியின் பக்கம் திரும்பிவிட்டது. கறுப்பு உடைக் கூட்டம் செய்தியாக வாழ்ந்தது அந்த இரண்டு நாள்தான்.

கூடியவர்கள் யார்? மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத் தொழிலாளரா, கொழும்பிலேயே உழைக்கும் அவர்களுடைய பிள்ளைகளா? பெயர்ப் பட்டியல் வைத்து நடந்த கூட்டம் அல்ல அது. எனவே திகதியையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் 2016இல் செய்த கூட்டு ஒப்பந்தம் 2018 ஒக்டோபர் நடுப்பகுதியில் காலாவதியானது. தொழிற்சங்கக் கணக்குப்படி போராட்டத்துக்கு உரிய நாள் அதுதான். ஆனால் கூட்டம் அந்த நாளில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கவில்லை. வாரத்தின் நடுவே ஒரு புதன்கிழமையில் நடந்தது. நாட்காட்டியைப் பார்த்தால் விளங்கும்: அன்று வப் பௌர்ணமி, போயா தினம். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் புடவைக்கடை, பலசரக்குக்கடைகளில் நிற்கும் மலையகப் பையன்களுக்குச் சட்டப்படி விடுமுறை உள்ள நாள். கொழுந்தெடுக்கும் தாயின் வசதிக்காகத் தேர்ந்த நாளென்றால் இதே நாளைத் தேர வேண்டிய கட்டாயமில்லை. கொழும்புக் கடைச் சிப்பந்திகளை ஒன்றுசேர்க்க நினைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திராது.

ஒரு போயாவை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்கலாம். அரசாங்க ஊழியருக்கும் அன்று விடுமுறைதான். மலையிலிருந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் சந்தாவையும் சேர்த்து யோசித்தால் இந்த வாசிப்பே வலுப்பெறுகிறது. தோட்டத்தில் அப்போது தொழிற்சங்கச் சந்தா சம்பளச் சீட்டிலேயே கழிக்கப்பட்டது. தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், தலைமையகம் என்று ஏறும் ஒழுங்கை மீறி ஒரு கூட்டம் கூட்டுவது அங்கே எளிதாக இருக்கவில்லை. கொழும்புக் கடையில் நின்ற மகனிடம் கழிக்கச் சந்தா இருக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு அதட்டத் தலைவரும் இருக்கவில்லை. தாயின் சம்பளத்துக்காகச் சங்கத்தைக் கேட்காமல் தெருவில் இறங்கும் சுதந்திரம் அவனுக்கு இருந்தது. அவன் கேட்டது தன் சம்பளத்தை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ‘அரைப்பேர்’ என்றால் என்ன என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவன் அவன். நிறை குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்ற தாய்க்குப் பாதிச் சம்பளமே பதியப்படும். 2016 ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30 எல்லாம் சேர்ந்தால்தான் 730. இந்தக் கூட்டல் எத்தனை நாள் கூடிவராமல் போகும் என்பதை அவன் அறிவான்.

தனித் தீவு வாசிப்பு இங்கேதான் முற்றாக உடைகிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனதற்குப் பிந்திய தலைமுறையில், லயத்து வருமானம் தோட்டத்தில் மட்டும் பிறக்கவில்லை. மகன் கடையில், மகள் கொழும்பு வீட்டு வேலையில் அல்லது ஆடைத் தொழிற்சாலையில். பொகவந்தலாவை லயமொன்றின் அடுப்பு கொழும்பின் கூலியிலும் எரிகிறது. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையின் வறுமை வீதம் 33.8, நகரத்துறையில் 6.0. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே நாள்தோறும் போய்வருகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

2018 ஒக்டோபர் 24க்கும் பின்னர் கிடைத்த சம்பளத்துக்கும் நேர்க்கோடு போட முடியுமா? தயக்கத்தோடுதான் பேச முடியும். டிசெம்பர் தொடக்கத்தில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கியதோடு நின்றது. 2020 ஜனவரியில் கோட்டாபய அரசு 1000 தரச் சொன்னது. 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை 900 உடன் 100 சேர்த்து வர்த்தமானியில் அறிவித்தது. 1000 என்ற எண் காலிமுகத்திடலில் பிறந்ததல்ல. பல ஆண்டுகளாகத் தொழிற்சங்க மேடைகளில் கேட்டதே. கம்பனிக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்த அறையிலிருந்து அதை எடுத்து, அரசின் வாசலில் வைத்த முதல் பெருங்கூட்டம் அந்தப் போயா தினத்தின் கூட்டம் என்பதே என் வாதம். பிறகு தீர்வும் ஒப்பந்தம் வழியாக வராமல் அரசின் வர்த்தமானி வழியாகவே வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும் வரிசை அதுதான்.

மூன்றரை ஆண்டுகள் கழித்து அதே திடலில் முகாம் எழுந்தபோது, நூலகமும் மக்கள் பல்கலைக்கழகமும் வந்தன. மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் காய்ச்சப்பட்டது. அதன் அகலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ‘கோட்டா கோ கம’ என்ற அதன் பெயர் ஜனாதிபதி கோட்டாபய என்ற ஒருவரின் பதவி விலகலைக் கேட்டது. ஜூலை 14இல் அது கிடைத்தது. நாட்சம்பளமும் லயமும் முகாமில் பேசப்பட்ட பலவற்றுள் ஒன்றாயின. முகாமின் முன்வரலாற்றை மிரிஹானையில் தொடங்குகிறவர்கள் இந்த இடைவெளியைக் காண்பதில்லை. 1952 ஏப்ரல் 28ஐயும் 2018 ஒக்டோபர் 24ஐயும் அக்காலவரிசையில் சேர்த்தால், ‘அரகலய’ என்று பெயர்பெற்ற 2022 போராட்டம் எதைத் தொடர்ந்தது, எதைக் கைவிட்டது என்ற கேள்வியையாவது ஒழுங்காகக் கேட்கலாம்.