ஐடிபிஎல் பெற்ற பிள்ளைகள்

ஹைதராபாத்தின் வடமேற்கே, பாலாநகரை ஒட்டி ஐடிபிஎல் காலனி இருக்கிறது. பெயர் நிலைத்துவிட்டது, பெயர் கொடுத்த ஆலைதான் போய்விட்டது. இந்தியன் டிரக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ் லிமிடெட் என்ற அந்தப் பொதுத்துறை நிறுவனம் 1992-ல் நலிவடைந்த தொழில்களுக்கான வாரியத்தின் படியேறியது. அதை மூடிவிடலாம் என்று 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் வெறும் நஷ்டம். ஆனால் 'பல்க் டிரக்' எனப்படும் மருந்து மூலப்பொருள் தொழிலில் ஹைதராபாத் எப்படித் தலைநகரானது என்று கேட்டால், பதில் இந்த நஷ்டக் கம்பெனியிலிருந்துதான் தொடங்குகிறது.

தென்கொரியாவையும் தைவானையும் காட்டி இந்தியாவைக் குட்டுவது தொழில்கொள்கை பேசுபவர்களின் வழக்கம். கொரியா 1968-ல் போஸ்கோவை நிறுவி 1973-ல் உருக்கு உற்பத்தியைத் தொடங்கியது. 1975-ல் ஹூண்டாய் போனி கார் வந்தது, அடுத்த ஆண்டே ஏற்றுமதியும் ஆனது. இங்கே அப்போது அம்பாசிடருக்குப் பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருந்தார்கள். குட்டு பெரும்பாலும் நியாயமானதுதான். ஹைதராபாத் மருந்துத் தொழில் மட்டும் அந்தக் கதைக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

அரசுப் பணத்தில் தொழில் வளர்ப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. நிஜாம் அரசு 1929-லேயே தொழில் அறக்கட்டளை நிதி ஒன்றை உருவாக்கி, புதிய ஆலைகளில் பங்கு போட்டது. 1942-ல் சனத்நகரில் பிறந்த ஹைதராபாத் ஆல்வின் நிறுவனத்திலும் அந்த நிதிக்குப் பங்கு உண்டு. 1944-ல் சமஸ்தானம் தனக்கென ஓர் அறிவியல் தொழில் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. பின்னர் சிஎஸ்ஐஆர் குடையின் கீழ் வந்து வட்டார ஆய்வுக்கூடமாகி, இன்று இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரில் தார்நாகாவில் இருப்பது அதுதான்.

ஐடிபிஎல் 1961-ல் சோவியத் உதவியோடு வந்தது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலை, ஹைதராபாத்தில் செயற்கை மருந்து ஆலை, சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலை. (சோவியத் மாதிரிக் கருவிகள், பிரிட்டிஷ் முறையில் பழகிய நம் அறுவை மருத்துவர்களின் கைக்கு ஒத்துவரவில்லை என்பது தனிக் கதை.) ஹைதராபாத் ஆலை மருந்தோடு வேறொன்றையும் உற்பத்தி செய்தது: ஆய்வுக்கூடத்து வேதியியலை ஆலைக்குள் கொண்டுபோகத் தெரிந்த ஆட்கள். குடுவையில் ஒரு கிராம் மருந்து செய்வது ஒரு வித்தை, ரியாக்டரில் ஒரு டன் செய்வது முற்றிலும் வேறு வித்தை. குடுவையில் எழும் சூடு தானே வெளியேறிவிடும். ஆயிரம் லிட்டர் ரியாக்டரில் அது உள்ளேயே தங்கும். குளிர்வித்தலில் பிசகினால் சரக்கு கெடும், சில வேளை வெடிக்கும். கரைப்பானை எப்படி மீட்பது, படிகத்தை எப்படி வடிப்பது, அசுத்தத்தை எந்தக் கட்டத்தில் நீக்குவது என்பதெல்லாம் ஷிஃப்டில் நின்று கற்க வேண்டியவை.

அப்படி அங்கே கற்றவர்களில் ஒருவர் கல்லம் அஞ்சி ரெட்டி. குண்டூர் மாவட்டம் தாடேபள்ளிக்காரர், புணே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1969 முதல் 1975 வரை ஐடிபிஎல்லில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தார். யூனிலாய்ட்ஸ், ஸ்டாண்டர்டு ஆர்கானிக்ஸ் என்று கூட்டு முயற்சிகளில் இறங்கி, 1984-ல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் அமெரிக்கா ஜெனரிக் மருந்துகளுக்கு வழிவிடும் ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டத்தை நிறைவேற்றியது. 1987-ல் அவருடைய நிறுவனத்தின் இபுப்ரோஃபென் மூலப்பொருளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் கிடைத்தது. பிறகு அவருடைய பட்டறையிலிருந்தே ஆட்கள் கிளம்பினார்கள். திவீஸ் லேபரட்டரீஸின் முரளி திவி, ஹெட்டரோவின் பார்த்தசாரதி ரெட்டி இருவரும் அந்த வழியில் வந்தவர்கள்.

ஆள் இருந்தால் போதாது, சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். 1911-ம் ஆண்டின் பழைய காப்புரிமைச் சட்டத்தில் மருந்தே உரிமையாளரின் சொத்து. இந்தியாவில் மருந்து விலை உலகின் மிக உயர்ந்த விலைகளில் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொன்ன காலம் அது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன என். ராஜகோபால அய்யங்கார், 1959-ல் அளித்த அறிக்கையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில், அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. அதன் வழியில் வந்த 1970-ம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறையானது. மருந்துக்குக் காப்புரிமை இல்லை, செய்யும் முறைக்கு மட்டும் உண்டு, அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுகள். ஒரே மூலக்கூறுக்குப் போய்ச்சேர வேறு பாதை கண்டுபிடிப்பவர் விற்கலாம். ஐடிபிஎல்லில் தேறிய வேதியியலாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தைவானிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. 1973-ல் தொடங்கிய இட்ரி என்ற அரசு ஆய்வுக் கழகம், தன் பொறியாளர்களை அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துக்கு அனுப்பிப் பயிற்றுவித்தது. அதன் மடியிலிருந்து 1980-ல் யுஎம்சி, 1987-ல் டிஎஸ்எம்சி பிறந்தன. தைவான் அரசு திட்டமிட்டே ஆட்களைத் தனி நிறுவனமாக்கி வெளியே விட்டது. ஐடிபிஎல்லிலிருந்து ஆட்கள் தாமாக வெளியேறினார்கள். தாய் நலிந்ததைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கொரியாவின் பாடம் வேறு. அங்கே அதிபர் பார்க் சுங்-ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தினார். சலுகைக் கடன் வேண்டுமானால் ஏற்றுமதி இலக்கை எட்டிக் காட்ட வேண்டும். நம் சலுகைகளுக்கு அப்படி நிபந்தனை கிடையாது. அதன் விலையை ஆல்வின் கொடுத்தது. பேருந்துக்குக் கூடு கட்டியது, குளிர்சாதனப் பெட்டி செய்தது, ஜப்பானின் சைக்கோ தொழில்நுட்பத்தில் கைக்கடிகாரமும் செய்தது. லைசென்ஸ் வேலிக்குள் எல்லாம் விற்றன. ஓசூரிலிருந்து டைட்டன் கிளம்பியதும் கடிகாரம் தடுமாறியது, 1990-களில் குளிர்சாதனப் பிரிவு வோல்டாஸ் கைக்குப் போனது.

மருந்துக்காரர்களையும் அரசு மிரட்டவில்லைதான். ஆனால் உள்நாட்டில் விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் நூற்றுக்கணக்கான போட்டியாளர்களும் லாபத்தை அரித்தார்கள். காசு பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டும், அதற்கு எஃப்டிஏ ஆய்வாளரின் முன் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டும். கொரியாவில் அதிபர் பிடித்த பிரம்பை இங்கே அமெரிக்க அதிகாரி பிடித்தார். 2001-ல் மனச்சோர்வு மருந்தான புரோசாக்கின் ஜெனரிக் வடிவமான 40 மில்லிகிராம் ஃப்ளுவாக்ஸெட்டினை அமெரிக்காவில் 180 நாள் தனியுரிமையோடு டாக்டர் ரெட்டீஸ் விற்றது.

இந்த வளர்ச்சியின் கழிவு பட்டான்செருவுக்குப் போனது. நகரத்தை ஒட்டியே இருந்தாலும் அது அப்போது மேதக் மாவட்டம், பின்தங்கிய மாவட்டத்துக்கான சலுகைகள் இருந்தன. கம்பெனிகள் குவிந்தன. நக்கவாகு ஓடையின் நீர் வயலுக்கு ஆகாமல் போனது, விவசாயிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருப்பதாக எழுதினார்கள். நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். கொரியாவும் தைவானும் தம் ஆறுகளைக் கெடுத்தே வளர்ந்தன என்று சமாதானம் சொல்வோர் உண்டு. நக்கவாகுக் கரை விவசாயிக்கு அதில் என்ன ஆறுதல்?

மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் முறைக்கு கொரியா 1987-ல் அமெரிக்க நெருக்குதலில் மாறியது. இந்தியா 2005 வரை இழுத்துப் பிடித்தது. அந்த இடைவெளியில் ஹைதராபாத் காலூன்றிக்கொண்டது. ஆனால் இன்னொரு பக்கம் கோட்டை விட்டார்கள். பிம்ப்ரியிலும் ரிஷிகேஷிலும் அரசு ஆலைகள் ஒருகாலத்தில் செய்த பெனிசிலின், சீன விலையோடு போட்டியிட முடியாமல் நாட்டைவிட்டே போனது.

2020-ல் மத்திய அரசு மூலப்பொருளுக்காக 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. ஹைதராபாத்தின் அரபிந்தோ ஃபார்மாவின் துணை நிறுவனம் காக்கிநாடாவில் பெனிசிலின்-ஜி ஆலை கட்டியது. இம்முறை விற்றுக் காட்டினால்தான் பணம்: முதல் நான்கு ஆண்டுகள் விற்பனையில் 20 சதவீதம், ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டான 2028-29-ல் 5 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.