தினையிலையும் நெல்லிலையும்: ஒரு குறுக்குவெட்டு தரும் சான்று

பண்டைத் தமிழர் எதனை உண்டனர் என்னும் வினாவுக்கு நாம் பெரும்பாலும் இலக்கியத்தையே சான்றாகக் கொள்கிறோம். குறிஞ்சிக்குத் தினையும் ஐவன நெல்லும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல்லும் எனப் பகுத்துரைக்கிறோம். எந்த நிலத்தார் எதனை எவ்வளவு உண்டனர் என்பதைப் பாடல்கள் கூறுவதில்லை. அதனைக் கூறவல்ல பிறிதொரு சான்று இலையின் மெல்லிய வெட்டில் தொடங்குகிறது. அவ்வாய்வின் அண்மைக்கால வரலாற்றில் ரொறன்ரோவுக்கும் பங்குண்டு.

வெட்டும் முறை பழையது. எம் தலைமுறை மாணவர் கரட் துண்டொன்றைப் பிளந்து, அதனிடையே இலையைச் செருகி, நீரில் நனைத்த சவர அலகால் இரண்டையும் சேர்த்துச் சீவுவோம். பல சீவல்களில் ஒன்றிரண்டே ஒளி ஊடுருவும் மென்மை பெறும். நிலையான வெட்டு வேண்டின், இலையைப் போமலின், அசற்றிக்கமிலம், மதுசாரம் கலந்த கரைசலில் பதப்படுத்தி, நீரகற்றி, மெழுகிற் பதித்து, நுண்வெட்டுக் கருவியால் 10 மைக்கிரோன் அளவில் அறுத்துச் சாயமேற்ற வேண்டும். புல்லினத்து இலைகளிற் சிலிக்கா மிகுதி. அது அலகை விரைவில் மழுக்கிவிடும். மாணவர் பொறுமை இழப்பதும் இங்கேதான்.

ஆயினும் இவ்விரு வகை இலைகளை வேறுபடுத்தக் கையாற் சீவிய பச்சை வெட்டே போதும். தமிழகத்தார் கேழ்வரகு என்னும் குரக்கனின் இலையில், ஒவ்வொரு நரம்பையும் சூழ்ந்து பெருங்கலங்கள் கரும்பச்சை வளையமாக நிற்கும். நெல்லிலையில் அவ்வளையம் வெளிறியிருக்கும்; பச்சை முழுதும் இடையிழையத்தில் பரந்திருக்கும். கொட்லீப் ஹேபர்லாண்ட் 1884இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை யேர்மன் மொழியில் மாலையைக் குறிக்கும் ‘கிரான்ஸ்’ என்னும் சொல்லாற் சுட்டினார். அம்மாலையின் பயன் விளங்க எண்பது ஆண்டுகள் சென்றன. 1965இல் ஹவாயில் கோட்ஷாக், ஹார்ட், பர் ஆகியோரும், 1966இல் அவுஸ்திரேலியாவில் ஹாட்ச், சிலாக் இருவரும், கரும்பு காபனீரொட்சைட்டை முதலில் நான்கு காபன் அணுக்கள் கொண்ட சேர்வையாகப் பிடிப்பதை வெளியிட்டனர். தினை, வரகு, சாமை, கம்பு, சோளம், குரக்கன் யாவும் கரும்பின் வழியின. நெல்லும் கோதுமையும் அவ்வழியின அல்ல.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் நான்சி டெங்லரும் உடனாய்வாளரும் 1994இல் இவ்விரு வகைப் புற்களின் இலையிழையங்களை அளந்து ஒப்பிட்டனர். 2009இல் ரமி சேஜும் றோவன் சேஜும் நெல்லிலையையே எடுத்து, அதன் இடையிழையக் கலங்கள் மடல்மடலாக அமைந்திருப்பதையும், பச்சையவுருமணிகள் கல விளிம்பை ஏறத்தாழ முற்றாக மூடியிருப்பதையும் விளக்கினர். நெல்லைத் தினையின் வழிக்கு மாற்ற இயலுமா என்பதே அவ்வாய்வின் பின்புலம்.

வரலாற்றாய்வாளருக்கு வேண்டுவது மற்றொன்று. காபன்-13இன் அளவு நெல் வகையில் ஆயிரத்துக்கு −27 அளவிலும், தினை வகையில் −12 அளவிலும் அமையும். உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் அவ்வேறுபாடு தங்கிவிடும். எனினும் இதனால் தினையை வரகிலிருந்து பிரித்தறிய இயலாது. கடல்மீனும், வெப்பநிலப் புல்மேய்ந்த ஆவின் பாலும் கணக்கைக் குழப்பும். சங்கப் புலவர் இலையமைப்பை அறிந்தே நிலம் பகுத்தனர் என எழுதவும் சிலருக்குத் தோன்றலாம். நான் அதற்கு உடன்படேன். எந்நிலத்தில் எது விளையும் என்பதை உழவர் அறிந்திருந்தனர், புலவர் அதனைப் பாடினர். அதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை.

வெப்பநில மண்ணில் எலும்பின் புரதம் எளிதில் அழிந்துவிடும். பல்லின் மேற்பூச்சான மிளிரி அதனினும் நெடிது நிற்பது. ஈமத்தாழியிற் கிடைக்கும் பல்லொன்றில் சில மில்லிகிராம் மிளிரியே இவ்வளவீட்டுக்குப் போதுமானது.