அறுபட்ட குழல்கள்

பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் குழல்வாய் இரண்டு மூன்று அங்குலம் அறுபட்டிருந்தால், சேகரிப்பாளர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். மூலம் சிதைந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு. அறுத்தவன் ஏன் அறுத்தான் என்பது அவருக்கு ஒரு பிரச்னையே அல்ல.

'சோக்' என்பது ரவைத் துப்பாக்கியின் குழல் நுனியில் உள்ள ஒடுக்கம். 12 போர் துப்பாக்கியில் 'ஃபுல் சோக்' என்றாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுகல்தான். ஆனால் 40 கஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், ஒடுக்கமற்ற குழல் தன் ரவைகளில் சுமார் 40 சதவீதத்தைச் சேர்க்கும். ஃபுல் சோக் 70 சதவீதத்தைச் சேர்க்கும். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1870களில் இதைப் பிரபலமாக்கினார். 1875இல் லண்டனில் 'ஃபீல்டு' பத்திரிகை நடத்திய சோதனைகளுக்குப் பிறகு இறுக்கமான சோக் ஒரு மோஸ்தரே ஆகிவிட்டது.

அக்காலத் தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருந்தது அட்டையும் ஃபெல்ட்டும். ஈய ரவை குழலில் உராய்ந்து நசுங்கும். நசுங்கியது பறக்கையில் விலகி ஓடும். இறுக்கத்தில் ஒரு பங்கு இந்த விலகலுக்கு ஈடுதான். 1960களில் ரவையை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் பரவியது. நசுங்கல் குறைந்தது. தாத்தாவின் துப்பாக்கி, அதே குழலோடு, முன்னைவிட நெருக்கமாகச் சுட்டது. 20 கஜத்தில் எழும்பும் காடை தப்பித்தது, அல்லது கந்தலாயிற்று. வசதியுள்ளவன் பட்டறையில் சோக்கைக் குடைந்து அகலப்படுத்தினான். மற்றவன் ரம்பத்தை எடுத்தான். ஒடுக்கம் நுனியில் மட்டுமே இருப்பதால், நுனி போனால் சோக்கும் போயிற்று.

1991இல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை தடைசெய்யப்பட்டது. எஃகு ரவை நசுங்காது. இறுகிய பழைய சோக்கில் குழலையே புடைக்கச் செய்யலாம். மறுபடியும் குடைந்தார்கள்.

ஆக, சேகரிப்பாளர் போற்றும் மூலம், இன்று யாரும் சாதாரணமாகச் சுடாத ஒரு தோட்டாவுக்காக ஆனது. (மூலபாடத்தின் முன் விழுந்து கும்பிடும் நம் விமர்சகர்கள் சிலர் நினைவுக்கு வருகிறார்கள்.) எல்லா மாற்றமும் நியாயம் என்று சொல்லவில்லை. துருக்குழிகளை மறைக்க உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குழலை மெலிய வைத்தவர்கள் அடுத்து வாங்குபவனின் விரல்களைப் பணயம் வைத்தார்கள். பிரிட்டனில் குழலின் உள்விட்டம் ஓர் அளவுக்குமேல் அகன்றால் மறுசோதனை கட்டாயம். புது முத்திரை பழையதோடு சேர்ந்து விழும், பேரேட்டில் திருத்தப் பதிவுபோல.

அறுபட்ட குழலில் மீண்டும் சோக் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நுனியை ஒடுக்க முடியாது. பட்டறைக்காரர் நுனிக்குச் சற்று உள்ளே குழலைக் குடைந்து அகலமாக்கினார். நுனி இருந்த அளவிலேயே இருந்து, ஒடுக்கமாயிற்று.