இணையத்திலிருந்து கைப்பேசிக்கு: தமிழ் வந்த வழி

மாணவர்களே, புலனத்தில் ‘சாப்டியா?’ என்று தமிழில் தட்டி அனுப்ப உங்களுக்கு இரண்டு வினாடி போதும். எதிர்முனையில் அது சரியாகத் தெரியுமா என்று நீங்க யோசிக்கிறதே இல்லை. உங்கள் ஆசிரியர்கள் இணையத்துக்கு வந்த காலத்தில் அதுதான் பெரிய தலைவலி.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தரும் அகப்பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியிருந்தார். தமிழ் இணையத்தின் தொடக்க வேலையில் நம்ம வட்டாரத்தின் பங்கு பெரியது. தேர்வுக் கட்டுரைகளில் இதை யாரும் எழுதுவதில்லை என்பது என் குறை.

அப்போது ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. நான் ‘அ’ என்று சேமித்த எண், உங்கள் எழுத்துருவில் வேறோர் எழுத்தாகத் தெரியும். இதைப் பேசித் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் மாநாடு கூடியது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவானது. ஒன்றைக் கவனியுங்கள்: விசைப்பலகை என்பது விரல் எங்கே தட்டுகிறது என்பது, குறியாக்கம் என்பது கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பது. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அதனால் பயனில்லை. அதன்பின் வலைப்பூ, 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, பிறகு முகநூல் என்று எல்லாம் மளமளவென்று வந்தன.

கைப்பேசியில் கதை வேறு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து. யூனிகோடு என்றால் 70 இடம்தான். ‘சிங்கப்பூர்’ நமக்கு ஆறு எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 11 இடத்தைப் பிடிக்கும். போதாக்குறைக்கு, அன்றைய பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. இந்த நிலையில்தான் 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ அறிமுகமானது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இருந்தது. தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

ஆசிரியர்களே, பள்ளிக் கணினியில் 2002, 2003இல் தட்டச்சு செய்த தேர்வுத்தாள் ஏதாவது கிடந்தால் திறந்து பாருங்கள். பழைய எழுத்துரு இல்லையென்றால், கேள்விக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும்தான் வரிசையாக நிற்கும். உடனே அழித்துவிடாதீங்க. எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் கோப்பிலேயே பதிந்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பொருத்தமான குறியாக்க மாற்றியில் இட்டால் யூனிகோடாக மீட்டுவிடலாம்.