சுண்ணாம்புக் கல்லின் கட்டு

சங்ககிரிக் கோட்டை என்றதும் 1805ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டது அந்த ஆண்டில், அந்த மலையின் மேல்தான். மலை ஏறுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள், பேச வேண்டியதும்தான். கோட்டைக் கட்டடங்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சுண்ணாம்புக் காரையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

காரை செய்யும் விதத்தைப் பழைய கொத்தனார்கள் அறிவார்கள். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் அடுக்கிச் சுட வேண்டும். வெந்த கல் எடை குறைந்து வரும். தண்ணீர் தெளித்தால் சீறிக் கொதித்து நீறாகப் பூக்கும். மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுக் கட்டினால் நாளாவட்டத்தில் மறுபடியும் கல்லாகும். ஏன் என்று கேட்டால், "அதனுடைய குணம் அது" என்பார்கள். ஐரோப்பியப் பண்டிதர்களின் பாடும் வெகு காலம் இதைவிட மேலாக இல்லை. நெருப்பின் காரம் கல்லுக்குள் புகுந்துகொள்கிறது என்றார்கள். அப்படியானால் எடை கூட அல்லவா வேண்டும்?

ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் தராசைக் கையில் எடுத்தார். 1754இல் எடின்பரோவில் அவர் ஆராய்ந்தது வெள்ளை மக்னீசியா என்ற மருந்துப் பொடியை. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல் அதற்கு நெருங்கிய உறவு. (அந்தக் கரட்டுக்கு வெள்ளைக்காரர் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டார்கள். சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, அது மாக்னசைட்.) பொடியும் சுண்ணாம்புக் கல்லும் சூட்டில் இழப்பது ஒரு காற்றை என்று பிளாக் கண்டார். இன்று கரியமில வாயு என்கிறோம். நூறு பங்கு சுத்தமான சுண்ணாம்புக் கல்லில் 44 பங்கு அதுதான்.

மிச்சமுள்ள 56 பங்கு என்ன? பிரான்ஸில் லவாய்சியர் 1789இல் தம் தனிப்பொருள்களின் பட்டியலில் சுண்ணாம்பையும் சேர்த்தார். ஆனாலும் அவருக்கே சந்தேகம் இருந்தது. தீர்த்துக்கொள்ள அவகாசம் இல்லை. 1794இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வாங்கிவிட்டார்கள். சின்னமலை மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1808இல், லண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிச் சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தைப் பிரித்தார்.

மின்சாரம் பிரிக்கிறதென்றால் சேர்த்து வைத்திருப்பதும் மின்சாரமாகத்தானே இருக்க வேண்டும்? ஸ்வீடனின் பெர்ஸிலியஸ் அப்படித்தான் சொன்னார்: எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. நல்ல யோசனை, ஆனால் ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. ஒரே ஜாதியான இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் கைகோக்க வேண்டும்? இந்தக் கேள்வி நூறு வருஷம் நின்றது.

1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த பிறகே வழி திறந்தது. 1916இல், உலக யுத்தத்தின் நடுவே, ஜெர்மனியில் கோஸ்ஸலும் அமெரிக்காவில் லூயிஸும் தனித்தனியே விடை சொன்னார்கள். பெரும்பாலான அணுக்கள் வெளிச்சுற்றில் எட்டு எலெக்ட்ரான்களோடு நிம்மதி அடைகின்றன. கால்சியத்திடம் இரண்டு அதிகம், ஆக்ஸிஜனிடம் இரண்டு குறைவு. ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது. அதனால் உண்டாகும் மின்னிழுப்பே கட்டு. இது கோஸ்ஸல் விளக்கியது. லூயிஸ் காட்டியது பங்கு முறை. இரண்டு பங்காளிகளுக்கு நடுவே ஒரு கூட்டுக் கிணறு இருந்தால், தண்ணீருக்காகவேனும் இருவரும் அதை விட்டு நகர மாட்டார்கள். இரண்டு அணுக்களின் நடுவே உள்ள ஒரு ஜோடி எலெக்ட்ரான் அப்படிப்பட்ட கிணறு. ஹைட்ரஜனுக்கு அந்த ஜோடியே போதும். அதற்கு எட்டு வேண்டாம். ஏன் ஜோடி என்பதை 1927இல் ஹைட்லரும் லண்டனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கை நான் இங்கே இழுக்கவில்லை.

சுண்ணாம்புக் கல்லில் இரண்டு வகைக் கட்டும் இருக்கின்றன. ஒரு கார்பனும் மூன்று ஆக்ஸிஜனும் கிணற்றுப் பங்காளிகள். கால்சியம் தன் இரண்டு எலெக்ட்ரான்களை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அருகில் நிற்கிறது. காளவாயில் சூடு 900 டிகிரியை எட்டும்போது குடும்பம் உடைகிறது. கார்பன் இரண்டு ஆக்ஸிஜன்களோடு வாயுவாகப் போய்விடுகிறது. மூன்றாவது ஆக்ஸிஜன் கொடுத்த சொத்தோடு கால்சியத்திடம் தங்குகிறது. தண்ணீர் பட்டதும் எழும் கொதிப்பு, புதிய கட்டு உண்டாகும்போது வெளிவரும் உஷ்ணம். பூசிய காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கித் தண்ணீரை விட்டுவிடுகிறது. காளவாயில் போனது சுவருக்குள் வந்து சேர்கிறது. கனத்த சுவரின் உட்புறத்தில் இது நடந்து முடியத் தலைமுறைகள் ஆகும்.

1963இல் சங்ககிரியில் சிமெண்டு ஆலை வந்தது. சிமெண்டு சூளையில் சூடு 1,450 டிகிரி வரை போகும். களிமண்ணிலுள்ள சிலிகா கால்சியத்தோடு சேருகிறது. அந்தச் சேர்க்கை கெட்டிப்படக் காற்று வேண்டாம். தண்ணீரையே தன்னுள் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஆற்றுக்குள்ளும் பாலம் நிற்கிறது. ஆனால் கல்லிலிருந்து விரட்டிய வாயுவில் ஒரு பகுதியைத்தான், அதுவும் மிக மெதுவாக, சிமெண்டுச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மீதி ஆகாயத்தில் இருக்கிறது.