வண்ணான் தெருவும் வறண்ட குழாயும்



சிங்கப்பூரின் பெருவிரைவு இரயிலில் செல்லும் பிள்ளைகள் ‘டோபி காட்’ என்னும் பெயரை ஒலிபெருக்கியில் நாள்தோறும் கேட்கின்றனர். 1987ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பெயருக்குப் பொருள் என்னவென்று வினவினால், பெரும்பாலோர் விழிப்பர். ‘டோபி’ என்பது துணி வெளுப்பவரையும், ‘காட்’ என்பது படித்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். நம் முன்னோர் அவ்விடத்தை ‘வண்ணான் தெரு’ என்று வழங்கினர். சாதிப் பெயரால் மனிதரைச் சுட்டும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. இடப்பெயராக வரலாற்றில் நின்றுவிட்டமையால் மட்டுமே அதனை இங்கே எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் அவ்விடத்தில் சுங்கை பிராஸ் பாசா என்னும் ஓடை ஓடியது. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அவ்வோடையில் துணி துவைத்து, அருகிலிருந்த வெட்டவெளியில் உலர்த்தினர். பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றை ஒட்டி ஒரு டோபி காட் உண்டு. மலாய் மொழியில் இன்று சலவைக் கடைக்கு வழங்கும் ‘டோபி’ என்னும் சொல்லும் இந்தியாவிலிருந்து வந்ததே.

அத்தொழிலாளரின் வேலை முறையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். இக்கால மாணவர்க்கு அது முற்றிலும் புதிய செய்தி. வீடு வீடாகச் சென்று அழுக்குத் துணிகளை மூட்டையாகக் கட்டி வருவர். எந்தத் துணி எந்த வீட்டினுடையது என்பதை அறியச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் சிறு குறியிடுவர். எத்தனை முறை துவைத்தாலும் அக்குறி அழியாது. பிறகு உவர்மண்ணிலோ சோடாவிலோ ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்துத் துவைப்பர். வெள்ளைத் துணிக்கு நீலம், காற்சட்டைக்கும் மேலாடைக்கும் கஞ்சி, இறுதியில் கரிப்பெட்டியால் தேய்ப்பு. இத்தனை படிகளிலும் மிகுதியான நீரை விழுங்குவது துவைப்பதன்று, அலசுவதே. சவர்க்காரமும் உவரும் முழுதும் நீங்காவிடின் துணி மஞ்சளிக்கும், உடுத்துபவரின் தோலும் அரிக்கும். ஆதலால் மூன்று நீர், நான்கு நீர் மாற்றி அலச வேண்டும். ஓடும் ஆற்றில் நிற்பவர்க்கு இது ஒரு செலவே அன்று. ஆறே அலசிக் கொடுத்துவிடும். குழாயடியில் நிற்பவர்க்கோ ஒவ்வோர் அலசலுக்கும் ஒரு கணக்கு உண்டு.

ஆற்றிலிருந்து குழாய்க்கு வந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1857இல் டான் கிம் செங் என்னும் வணிகர், நகரத்திற்குக் குடிநீர் கொணர 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டும், நீரேற்றும் பொறிகளும் குழாய்களும் முறையாக இயங்க மேலும் பத்தாண்டு ஆயிற்று. இன்று மெக்ரிச்சி எனப்படும் நீர்த்தேக்கம் அதுதான். நகரம் பெருகப் பெருக, பழைய ஓடை ஸ்டாம்போர்டு கால்வாயாக ஒடுங்கியது. சலவைத் தொழில் படித்துறையை விட்டுக் கடைக்குள் புகுந்தது. தொழிலாளரின் முதுகு வலி குறைந்திருக்கலாம். ஆயினும் நீர் அன்று முதல் அவர் கையில் இல்லை, பிறர் திருகும் குழாயின் முனையில் இருந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டபோது, அதன்மீது வந்த நீர்க்குழாயும் அறுந்தது. குழாய் நீரை மட்டுமே நம்பி வாழ்வதன் பொருளை இத்தீவு அப்போது கடுமையாக உணர்ந்தது.

அடுத்த பாடம் வானத்திலிருந்து வந்தது. 1961-62இல் சிங்கப்பூரில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அதனினும் நீண்டது 1963ஆம் ஆண்டின் பங்கீடு. ஏப்ரலில் தொடங்கி 1964 பிப்ரவரி வரை, ஏறத்தாழப் பத்து மாதங்கள் அது நீடித்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது 1963 மே முதல் நாள். அதாவது பங்கீடு தொடங்கிய அடுத்த வாரமே! செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தபோதும் மக்கள் வாளிகளில் நீர் சேமித்துக் கொண்டிருந்தனர். பகுதி பகுதியாக, வாரத்தில் சில நாள்கள், மணிக்கணக்கில் குழாய் நிறுத்தப்பட்டது.

இக்காலத்தைப் பற்றிய படங்களில் நாம் காண்பது என்ன? பொதுக் குழாயின் முன் வரிசையாக வைக்கப்பட்ட வாளிகள், மண்ணெண்ணெய்த் தகரங்கள், இடுப்பில் குழந்தையுடன் தாய்மார். இவை உண்மையே. ஆனால் வறட்சியின் வரலாறு வீட்டு வாளியோடு முடிந்துவிடுகிறது. நீரையே மூலப்பொருளாகக் கொண்டு பிழைத்தவர் அப்படத்தில் இல்லை. தையற்காரர்க்குத் துணி எப்படியோ, தச்சர்க்கு மரம் எப்படியோ, சலவைத் தொழிலாளர்க்கு நீர் அப்படி.

பங்கீட்டினால் சலவைக் கடைக்கு நேரும் இழப்பு நீரின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று. நேரத்தைப் பொறுத்தது என்பதே என் கருத்து. வீட்டில் பகலெல்லாம் குழாய் நின்று மாலையில் நீர் வந்தால், குடும்பத்தார் முணுமுணுத்துக்கொண்டேனும் இரவில் துவைத்துக் கொள்வர். வெயிலை நம்பித் துணி உலர்த்தும் கடைக்கு அது இயலாது. காலையில் துவைத்தால்தான் நண்பகலில் உலரும், மாலையில் தேய்க்கலாம், மறுநாள் கொடுக்கலாம். காலை நீர் தவறினால் ஒரு நாள் முழுதும் தவறியது. இதில் ஒரு கொடுமை என்னவெனில், வறட்சிக் காலத்தில் வெயில் குறைவின்றிக் காயும். துணி உலர்த்த அதைவிட நல்ல வானிலை இல்லை. உலர்த்தத்தான் துணி இராது.

இரவில் நீர் பிடித்து வைக்கலாமே என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். மேலே திறக்கும் சலவை இயந்திரம் ஒரு முறை ஓடினால் நூறு லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளும். நம் வீட்டுக் கூரையடியில் இருக்கும் 200 கேலன் தொட்டி ஏறத்தாழ 900 லிட்டர். ஆக, ஒரு குடும்பம் சிக்கனமாக இரண்டு மூன்று நாள் ஓட்டும் நீர், சிறு கடை ஒன்றின் எட்டு ஒன்பது சலவைக்கே தீர்ந்துவிடும். கடைவீட்டின் பின்கட்டில் இன்னொரு தொட்டி வைக்க இடமும் இல்லை. முன்பக்கம் திறக்கும் இயந்திரம் ஏறத்தாழப் பாதி நீரில் வேலையை முடிக்கும். விலையோ மிக அதிகம். முதல் உள்ளவர் வாங்குவர்.

குழாய் மீண்டும் திறந்த பின்னராவது துன்பம் தீருமா? அதுவும் இல்லை. நின்றிருந்த நீர் திடீரென அழுத்தத்துடன் பாயும்போது, குழாயின் உட்புறம் படிந்திருந்த துருவும் சேறும் கிளம்பி வரும். முதல் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். வீட்டில் அதனைக் கழிவறைக்கோ செடிக்கோ ஊற்றிவிடுவோம். அவசரத்தில் அந்நீரை இயந்திரத்தில் விட்ட கடைக்காரரோ, பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறையைக் காண்பார். துரு படிந்த கறையை நிறம் வெளுக்கும் நீர்மமும் நீக்காது. சில வேளைகளில் மேலும் பதித்துவிடும். அச்சட்டைக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் நீர் வாரியம் அன்று.

மலேசியாவிலும் இக்கதை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு மாநிலமே தவித்தது. 1998இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளில் நீர்மட்டம் தாழ்ந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் பல மாதங்கள் பங்கீட்டில் வாழ்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. விருந்தினர் வருவதற்குள் நீர் வருமா என்ற கவலை அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. 2014இல் சிலாங்கூரில் மீண்டும் பங்கீடு: இரு நாள் நீர் உண்டு, இரு நாள் இல்லை.

1963க்கும் 2014க்கும் இடையில் தொழிலின் முகம் மாறியிருந்தது. கல்லும் வெள்ளாவியும் போய், எடைக்குக் காசு வாங்கும் கடைகளும் நாணயம் போட்டால் இயங்கும் கடைகளும் வந்தன. வெயிலின் இடத்தைச் சூட்டுக்காற்று இயந்திரம் பிடித்ததால் இரவிலும் உலர்த்தலாம். ஆயினும் இரு நாள் நீரின்றிப் போனால் இரு நாள் வருவாயும் போகும். வாடகையும் ஊழியர் சம்பளமும் பங்கீட்டுக்கு உட்படுவதில்லை. வீட்டுக் குழாய் நின்றதும் மக்கள் துணி மூட்டையுடன் கடைக்கு ஓடி வருவர். தேவை பெருகும் அந்நாளிலேயே, அதே தெருவில் இருக்கும் கடையின் குழாயும் வறண்டிருக்கும். வாடிக்கையாளர் நீர் உள்ள பக்கத்து ஊர்க் கடைக்குச் செல்வர். சிலர் திரும்பி வருவதில்லை. கார் கழுவும் சிறு கடைகளின் நிலையும் இதுவே.

நீர் வழங்குவோரின் ஏட்டில் இக்கடைகள் வீடும் அல்ல, பெருந்தொழிற்சாலையும் அல்ல. சிலாங்கூரில் 2008 முதல் மாதந்தோறும் 20 கன மீட்டர் நீர் இலவசமாக அளிக்கப்பட்டது வீடுகளுக்கே. கடைக்கு வணிகக் கட்டணம். குழாய் நிற்கும்போது லாரி நீர் முதலில் மருத்துவமனைக்குச் செல்கிறது. அது நியாயமே, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெரிய தங்கும் விடுதிகளின் சலவைப் பிரிவுக்கு அவற்றின் சொந்தத் தொட்டிகள் உண்டு. சிறு கடைக்காரர்க்குக் கிடைப்பது ஓர் அறிவிப்புத் தாள். அவ்வறிவிப்பில் குறித்த மணிக்கு நீர் வந்தாலே போதும் என்பார்கள்; மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்கு. நீர் குறைவதைவிட, எப்போது வரும் எனத் தெரியாதிருப்பதே தொழிலை முறிக்கிறது.

நம் வகுப்பறைக்கு இதில் ஓர் உறவு உண்டு. ‘நீரைச் சிக்கனப்படுத்துவோம்’ என்னும் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில், நீரை வீணாக்குவோர் பட்டியலில் கார் கழுவுவோரும் துணி துவைப்போரும் எளிதாக இடம்பெறுகின்றனர். நாமும் சிவப்பு மையில் ‘நன்று’ என எழுதுகிறோம். சலவைக் கடை நடத்துபவரின் மகளும் அதே வகுப்பில் அமர்ந்து அதே வரியை எழுதிக் கொண்டிருக்கலாம்.

சிங்கப்பூரிலோ 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் ஏறக்குறைய மழையே இல்லை. ஆயினும் குழாய் நிற்கவில்லை. 2003இல் தொடங்கப்பட்ட புதுநீர் ஆலைகளும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இடைவெளியை நிரப்பின. பாலத்திற்கு இப்பால் ஒரு சலவைக் கடை நாள்காட்டியில் நீர் வரும் நாள்களை வட்டமிட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டில், அப்பால் இருந்த கடை வழக்கம்போல் இயங்கியது. டோபி காட் நிலையத்தின் மேல் இப்போது ஓடை இல்லை, உலர்த்தும் துணியும் இல்லை. கால்வாய் பெரும்பாலும் தரைக்கு அடியில் மறைந்து செல்கிறது.

பினாங்கு டோபி காட்டைப் பற்றித் தனியே எழுத எண்ணியுள்ளேன். அங்கு வாழ்ந்த குடும்பத்தினர் எவரேனும் உங்கள் பள்ளியின் பெற்றோராக இருப்பின், வீட்டுப் பெரியவர்களிடம் சேங்கொட்டைக் குறிகளைப் பற்றியும், ஆற்றில் நீர் வற்றிய ஆண்டுகளில் துணிகளை எங்குக் கொண்டு சென்றனர் என்பதைப் பற்றியும் கேட்டு வைக்க வேண்டுகிறேன்.